பாட்டுகளை ஓட்டிவிடும் வீடு

எங்கள் வீட்டில் எந்தத் தமிழ்ப் படமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியதில்லை. பாட்டு வந்தால் என் கணவரின் பெருவிரல் தானாகவே ரிமோட்டுக்குப் போய்விடும். காதலனும் காதலியும் வாயைத் திறந்ததுதான் தாமதம், படம் குடுகுடுவென்று ஓடும். அவர்கள் மலையேறுவது, மரத்தைச் சுற்றுவது, மூன்று முறை உடுப்பு மாற்றுவது எல்லாம் பத்து வினாடியில் முடிந்துவிடும். கலியாணம் கட்டி டென்மார்க்கில் இந்த ஹ்விடோவ்ரேக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். வீடியோ கசெற் போய், டிவிடி வந்து, இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது. அந்த விரல் மட்டும் மாறவில்லை. விருந்தாளிகள் இருந்தாலும் விடமாட்டார். கல்நெஞ்சுக்காரன், காதும் கேளாது என்று சொந்தக்காரர் முன்னால் அவரை எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் மகள் கோப்பன்ஹேகனில் அறை எடுத்துப் படிக்கிறாள். உடுப்புத் தோய்க்கவும் சோறு சாப்பிடவும் சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரிவதில்லை. ஒரு சனிக்கிழமை நூலகத்திலிருந்து ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தின் டிவிடியை எடுத்து வந்தாள். வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய படமாம், சுவர்களின் நிறத்துக்காகவே பார்க்கலாமாம். தகப்பனிடம் அதைப் போடச் சொல்லிவிட்டு, உடுப்புக் கூடையோடு கட்டடத்தின் நிலவறையில் இருக்கும் சலவை மெசினுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் படம் முடிந்துவிட்டது.

"ஆக்கள் கதைக்கத் தொடங்க நிப்பாட்டுவம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றார் அவர். "கடைசி மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்லை."

அந்தப் படத்தில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள் என்று அவள் விளக்கினாள். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை எல்லாமே பாட்டு. காரைத் திருத்துகிறவனும் பாடுவான், தபால்காரனும் பாடுவான். பெற்றோல் அடிப்பதற்கும் பாட்டா என்று இவர் கேட்டார். அவளுக்கு முதலில் கோபம், பிறகு வயிறு நோகச் சிரிப்பு. ஒன்றரை மணி நேரப் படத்தை ஆறு நிமிடத்தில் பார்த்த ஒரே மனிதர் நீங்கள்தான் என்றாள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. நான் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அவள் குசினிக்கு வந்து கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு பெடியனும் பெட்டையும் உயிருக்குயிராகக் காதலிக்கிறார்கள். அவனைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள். காத்திருப்பேன் என்று இவள் அழுகிறாள். மெல்ல மெல்லக் கடிதம் குறைகிறது. வசதியான இன்னொருவர் வருகிறார், தாய் புத்தி சொல்கிறாள். கடைசியில் இவள் அவரையே கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு மகள் என் தோளில் நாடியை வைத்து, நீ அப்பாவுக்காக ஆறு வருடம் காத்திருந்தாய், உன்னை வைத்துப் படம் எடுத்திருந்தால் முடிவே வேறு என்றாள்.

அன்றைய சம்பலில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

விசயம் இதுதான். நானும் அவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே ரியூட்டரியில் ரியூசன் படித்தவர்கள். சைக்கிளில் பின்னால் வந்து, பிறகு பக்கத்தில் வந்து, கடைசியில் இரண்டு வீட்டாரும் சாதகம் பார்த்துச் சம்மதித்த காதல். இருபத்தொரு வயதில் அவர் அகதியாக டென்மார்க் வந்தார், முதலில் முகாமில் இருந்தார். ஆறு வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டார். ஆறு வருடம் காத்திருந்தவள் என்ற பெயரை வைத்துக்கொண்டே நான் இங்கே சீவித்திருக்கிறேன். கலியாண வீடுகளில், பொறுமையில்லாத இளசுகளுக்கு என்னைக் காட்டிப் புத்தி சொல்வார்கள். நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரிப்பேன். அந்த ஆறு வருடத்துக்குள் ஏழு மாதம் நான் ஒரு கடிதமும் எழுதவில்லை. சண்டையால் பாதை பூட்டு, தபால் போகவில்லை என்று பிறகு எழுதினேன். பாதை பூட்டியிருந்தது உண்மைதான், ஆனால் இரண்டு மாதம்தான். மிச்ச ஐந்து மாதமும் கனடா மாப்பிள்ளை ஒருவருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கில் இவருக்கு விசா இல்லை, கிடைக்குமோ தெரியாது, எத்தனை நாளைக்கு இருப்பாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கனடாவுக்கு அனுப்பவென்று ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தபோது, கமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த வாரம் மகள் தொலைபேசியில் சந்தோசச் செய்தி சொன்னாள். நகரத்தில் பழைய படங்கள் போடும் சின்னத் தியேட்டர் ஒன்றில் ஞாயிறு பகல் அதே படம். மூன்று ரிக்கெற் எடுத்துவிட்டாளாம். தியேட்டரில் அப்பாவிடம் ரிமோட் இருக்காதே என்று அவளுக்கு ஒரே குதூகலம். எனக்கு ஞாயிறு வேலை என்று தப்பப் பார்த்தேன். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என்னுடைய வேலை அட்டவணை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. போன சனிக்கிழமையே அதைப் பார்த்துவிட்டுத்தான் ரிக்கெற் எடுத்தாளாம். ஆப்பு இழுத்த குரங்கு மாதிரி ஆகிவிட்டது என் நிலை. வேறு வழியில்லாமல், இடைவேளைக்குத் தின்னப் பற்றீஸ் சுட்டேன். இடைவேளை இல்லாத படத்தை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

தியேட்டரில் முப்பது பேர் இருந்திருப்பார்கள், எங்களைத் தவிர எல்லாரும் நரைத்த டேனிஷ்காரர். படம் தொடங்கியதும் இவருடைய பெருவிரல் கதிரைக் கையில் தட்டத் தொடங்கியது. பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பிரிவு வந்தது. ரயில் நிலையம், கையசைப்பு, அழுகை. பிறகு திரையில் ஏதோ பெரிய எழுத்தில் வந்தது. படத்தின் முதற்பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்குகிறது என்பதற்கான எழுத்து. இவர் இடைவேளை என்று நினைத்து எழும்பிவிட்டார். நானும் பற்றீஸ் பையோடு பின்னால் எழும்பினேன். ஒரு வரிசைச் சனம் முழங்காலை மடக்கி வழிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும்போது அடுத்த பாட்டுத் தொடங்கியது. மடக்கிய முழங்கால்களைத் தாண்டி, தக் தக் என்று டேனிஷில் நன்றி சொல்லிக்கொண்டே திரும்பி வந்தோம். மகள் முகத்தைச் சால்வைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு அதிக நேரம் நிலைக்கவில்லை. திரையில் அந்தத் தாய் மகளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, கீழே டேனிஷ் எழுத்தும் வேகமாக ஓடியது. ஆனால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் விளங்கியது. எங்கள் அம்மா பாடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்தில் பார்த்தேன். இவருடைய விரல் தட்டுவதை நிறுத்தியிருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில், வருடங்கள் கழித்து அந்த இரண்டு பேரும் பனி கொட்டுகிற ஒரு பெற்றோல் நிலையத்தில் சந்தித்து, இரண்டு சொல் பாடிப் பிரிகிறார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிதருக்குச் சொல்லாமல் இனி ஒரு நாளும் இருக்க முடியாது என்று பட்டது.

மகள் மெட்ரோவில் தன் அறைக்குப் போனாள். நாங்கள் ஹ்விடோவ்ரே போகும் எஸ்-ரயிலில் எதிரெதிரே இருந்தோம். மடியில் பற்றீஸ் பை. இன்னும் வெயில் இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றேன். "அந்த ஏழு மாசமும் பாதை பூட்டியிருக்கேல்லை."

"தெரியும்," என்றார். "காம்பிலை மற்றப் பெடியளுக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. பாதை பூட்டெண்டால் எல்லாருக்குந்தானே பூட்டு."

முப்பது வருடப் பொய், இவ்வளவு சுலபமான கணக்கில் பிடிபட்டிருக்கிறது. பிறகு கனடாவைச் சொன்னேன். ஸ்ரூடியோவில் சிரித்ததைச் சொன்னேன். கடைசியாக, எனக்கே ஒப்புக்கொள்ளக் கூச்சமாயிருந்ததையும் சொன்னேன்: "நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை. மாப்பிள்ளை வீட்டாக்கள்தான் வேண்டாம் எண்டவை. சாதகம் பொருந்தேல்லையாம்."

ரயில் அடுத்த நிலையத்தில் நின்றது. கதவு திறந்து, சைக்கிளோடு ஒருத்தி ஏறி, கதவு மூடியது.

"என்ன பிழையாம்?"

"செவ்வாய்க் குற்றம்."

எங்கள் இரண்டு பேருக்கும் செவ்வாய் இருக்கிறது. செவ்வாய்க்குச் செவ்வாய்தான் சேர்க்கலாம் என்பார்கள். எங்கள் சாதகம் பொருந்தியதே அதனால்தான். அவர் முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு தோள் குலுங்க, பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ரயிலில் யாரும் சத்தம் போடாத ஊர் இது. சைக்கிள்காரி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் புன்னகைத்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முப்பது வருடமாக ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டால் நீர் சொல்லிப்போடுவீர். பிறகு நான் என்ன செய்யிறது?"

பற்றீஸ் ஒன்றை எடுத்துப் பாதியாக்கி எனக்குத் தந்தார். தின்றுகொண்டே, யன்னலைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னார். முகாமில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு வீடியோ டெக் இருந்ததாம். எங்கிருந்தோ தமிழ்ப் படக் கசெற்றுகள் வருமாம். "உம்மடை கடிதம் வராத நேரம் பாட்டு வந்தால் எனக்கு இருக்கேலாது. எழும்பிப் போனால் பெடியள் பகிடி பண்ணுவாங்கள். அதாலை டெக்குக்குப் பக்கத்திலை இருந்து ஓட்டிவிடுவன். பிறகு பழகிப்போச்சுது."

கல்நெஞ்சுக்காரன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் மிச்சப் பற்றீஸைப் பைக்குள் திருப்பி வைத்தேன். ஹ்விடோவ்ரேயில் இறங்கி வீடு வரைக்கும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்கள் ஆட்கள் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு தடவைதான் யோசித்தேன்.

வீட்டுக்கு வர ஐந்து மணி. நான் தேத்தண்ணி போட்டேன். அவர் வழக்கம்போல ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டார். கால் மணி நேரத்தில் பாட்டு வந்தது. விரல் ரிமோட்டுக்குப் போனது. அவர் ரிமோட்டை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, என் மடியில் வைத்தார்.

காதலன் மலையேறினான். காதலி உடுப்பு மாற்றினாள். பாட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

"இவ்வளவு நீட்டே?" என்றார்.

"ஓம்," என்றேன். "இருங்கோ, இன்னும் ஒரு சரணம் கிடக்கு."