மருந்துத் தண்ணீர்

தண்டோரா போட்டவனை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லச் சொன்னதை அவன் சொன்னான். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ‘விஷம்’ என்ற சொல்லைத் தள்ளிவிட்டு ‘மருந்து’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தானே கம்பெனி ரைட்டர், அவனைத்தான் இத்தனை வயதுக்கு அப்புறமும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் நாக்கு அழுகிப் போகட்டும் என்று அன்றைக்கே சாபம் விட்டேன். அழுகவில்லை. வெற்றிலை போட்டுச் செக்கச்செவேலென்றுதான் கடைசிவரை இருந்தது.

தங்க வயலில் சயனைட் வந்த புதிது அது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். அரைத்த மண்ணில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்சத் தங்கத்தையும் விடக் கூடாதென்று பெரிய பெரிய தொட்டிகளில் மண்ணைக் கொட்டி, சயனைட் கரைத்த தண்ணீரை விடுவார்கள். என் வீட்டுக்காரருக்குத் தொட்டியில் மண் வாரும் வேலை. அந்தப் பக்கம் உட்கார்ந்து சோறு தின்னக் கூடாது என்று துரை விரட்டுவாராம். வேலை முடிந்த தண்ணீர் எங்கள் கூலி லைனுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் வந்து தேங்கிக் குட்டையாக நின்றது.

பார்க்கப் பளிச்சென்று, அடி தெரிகிற தண்ணீர். மழை பெய்த மறுநாள் ஊரெல்லாம் தவளை கத்தும், அங்கே ஒன்று கத்தாது. கொக்கு இறங்காது. தும்பி கூடச் சுற்றாது. கரையில் காக்கை செத்துக் கிடக்கும். தண்ணீர் தானே வாய் திறந்து சொன்ன சேதி அது. ஆனால் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அதைக் கேட்க யாருக்குப் பொழுது இருந்தது?

குட்டை ஓரத்தில் கம்பெனி ஒரு போர்டு நட்டது, இங்கிலீஷில். எங்கள் லைனில் இங்கிலீஷ் படித்தது அந்தப் போர்டு ஒன்றுதான். அப்புறம் தமுக்கு வந்தது.

“இதனால சகலமான ஜனங்களுக்கும் தெரிவிக்கிறது இன்னான்னா, சயனைட் கொட்டாய்க்குக் கீழ கீற குட்டைத் தண்ணியில கம்பெனி மருந்து கலந்து கீது! யாரும் தொடக் கூடாது! தொட்டா அபராதம்! டும் டும்!”

சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு மருந்து என்றால் பாறையைப் பிளக்கிற வெடி. பயந்து ஒதுங்குவான். ஊர்நாட்டிலிருந்து வந்தவளுக்கு மருந்து என்றால் வைத்தியர் அரைத்துக் கொடுப்பது. அதிலும் தொட்டால் அபராதம் என்று சேர்த்துச் சொன்னால், விலை உசத்தியான மருந்து, வெள்ளைக்காரன் தனக்கென்று ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதானே தோன்றும்?

என் நாத்தனாருக்கு அப்படித்தான் தோன்றியது. புருஷன் செத்த பிறகு வட ஆர்க்காட்டிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவள். எனக்கும் அவளுக்கும் எலியும் பூனையும்தான். நான் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்ததாக அவள் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. என் எருமையிடம் மட்டும் உயிராக இருந்தாள். அந்த எருமைப் பாலில்தான் வீட்டில் பாதி வயிறு நிறைந்தது. அதற்குக் கோமாரி கண்டு வாயெல்லாம் புண்ணாகி, புல்லைக் கூட மெல்ல முடியாமல் எச்சில் ஒழுக நின்றபோது, பெற்ற பிள்ளைக்குப் போல வேப்பெண்ணெய் போட்டுக்கொண்டு அழுதாள்.

அன்று நான் தங்கக் கல் அரைக்கிற மில்லில் கல் பொறுக்கிவிட்டுத் திரும்புகிறேன். வாசலில் எருமை நாலு காலையும் விறைத்துக்கொண்டு கிடக்கிறது. பக்கத்தில் குடம். நாத்தனார் மாரில் அடித்துக்கொள்கிறாள்.

“வாய்ப்புண்ணு ஆறட்டும்னு மருந்துத் தண்ணி மொண்டாந்து குடுத்தேன், அண்ணி. ஆசையாத்தான் குடிச்சிது.”

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். உன் கையில் கொள்ளி வைக்க என்றேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஆம்பளைகள் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் லைனில் மாடு செத்தால் கறியைப் பங்கு போட்டுக்கொள்வோம். அதில் எனக்கு வெட்கமொன்றும் கிடையாது.

குட்டைக் கரையில் செத்துக் கிடந்த காக்கைகள் அப்போதுதான் எனக்கு உறைத்தன. “தொடாதீங்க, தண்ணியில வெஷம்” என்று குறுக்கே நின்றேன்.

“இன்னாம்மா, கோமாரியில செத்த மாட்டுக்குக் கதை கட்டுற? பங்கு குடுக்க மனசு இல்லன்னா சொல்லிட்டுப் போ” என்றான் ஒருத்தன்.

“தமுக்குல மருந்துன்னுதானே சொன்னான்?” என்றான் இன்னொருத்தன்.

“மருந்துதான்! என் காதால கேட்டேன்” என்று நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். அது மருந்தாகவே இருந்தால்தான் அவள் பிழைப்பாள். எனக்கோ, இந்தக் கறி அடுப்பில் ஏறினால் லைனில் எத்தனை வீட்டில் ஒப்பாரி கேட்கும் என்ற பயம். வீட்டுக்காரர் இருந்தால் எனக்காகப் பேசியிருப்பார். அவர் ஷிப்டில் இருந்தார். தலைதெறிக்க ஆபீசுக்கு ஓடினேன்.

ரைட்டர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். தலையைத் தூக்கவில்லை.

“தொடக் கூடாதுன்னு தண்டோரா போட்டாச்சு. உன் எருமைக்கெல்லாம் ஆபீஸ் ஜவாப்தாரி இல்லை.”

“மருந்துன்னு சொன்னா எப்டி ரைட்டரய்யா புரியும்? நீங்க வந்து வெஷம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்றாங்க.”

“விஷம்னு சொன்னா உங்க ஜனம் பொழுது விடியறதுக்குள்ள மூட்டை கட்டிடும். அப்புறம் வேலைக்கு யார் வருவா? யோசிச்சுத்தான் அந்த வார்த்தையைப் போட்டேன். போ, போ.”

யோசித்துத்தானாம்! அந்த மூஞ்சியில் காறித் துப்பியிருப்பேன். துப்பினால் என் புருஷனுக்கு வேலை போகும். அவனுக்கு எது உறைக்குமோ அதைச் சொன்னேன்.

“சரிங்க. இப்ப கறி போடுறாங்க. சாயந்தர ஷிப்டு ஆளுங்க எல்லாரும் துன்னுட்டுத்தான் இறங்குவாங்க. நாளைக்குச் சுரங்கத்துல ஆளை எறக்குற கேஜ் காலியாப் போவும். துரை கேட்டா மருந்து குடுத்தேன்னு சொல்லிக்குங்க.”

பேனாவைப் போட்டான். செருப்பு மாட்டக் கூட நிற்கவில்லை. மனிதன் அப்படி ஓடுவான் என்று அன்றுதான் பார்த்தேன். அதுவரை எங்கள் லைனுக்குள் கால் வைத்திராதவன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டித் தாண்டி வந்தான்.

“தொடாதீங்கடா! விஷம்! அந்தத் தண்ணி பூரா விஷம்!”

கத்திகள் கீழே விழுந்தன. பெண்கள் பிள்ளைகளை வாரி உள்ளே இழுத்தார்கள். என் எருமைக்காக வராத சொல், அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடிய பிள்ளைகளுக்காக வராத சொல், ஷிப்டு ஆட்களுக்காக வந்தது. சொல்லி முடித்து, மூச்சு வாங்க, எங்களைப் பார்க்காமல் திரும்பி நடந்தான்.

நாத்தனார் எருமையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகை நின்றுவிட்டது. குடம் பிடித்த கையை விரித்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப நான் வெஷத்தையா குடுத்தேன், அண்ணி?”

“இல்லடி. நீ மருந்துதான் குடுத்த. அந்தாளுதான் வெஷம் குடுத்தான்.”

நன்றாகச் சத்தம் போட்டே சொன்னேன். ரைட்டர் அப்போது இன்னும் லைனைத் தாண்டியிருக்கவில்லை.