தேங்காய் எண்ணெயில் ஓடிய ப்ராசசர்

காங்கேயத்தில் எங்கள் வீடும் எண்ணெய் மில்லும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. முன்னறையில் என் கம்ப்யூட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் கொப்பரை ஆட்டும் மெஷின். கல்யாணத்துக்கு முன்பு கோயமுத்தூரில் ஒரு ஆபீசில் வீடுகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். இங்கே வந்த பிறகு, காந்திபுரத்துக் கடையொன்றில் சல்லிசான சாமான்களாகப் பார்த்துப் பொறுக்கி, நானே மாட்டிய பெட்டி இது. ப்ராசசர் இருப்பதிலேயே விலை குறைந்தது. ஆனால் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் ரகம். அதற்காகவே அதை எடுத்தேன்.

மில்லை நடத்தும் என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. சொந்தக்காரர்கள் கேட்டால், "அவ கம்ப்யூட்டர்ல என்னமோ நோண்டிக்கிட்டிருப்பாளுங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று வரும்.

உள்ளூர் இன்ஜினியர் ஒருவர், கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்து பார்ப்பது போல ஒரு வீடியோ கேட்டார். "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு பார்ட்டி வர்றாங்கம்மா. அதுக்குள்ள குடுத்துப்போட்டீங்கன்னா இனிமே நம்ம வேலையெல்லாம் உங்களுக்குத்தான். முடியலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, கோயமுத்தூர்லயே குடுத்துக்கறேன்."

முடியும் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷமாக இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள், யோசித்துவிட்டா பதில் சொல்வேன்?

வரைந்து முடித்தாயிற்று. அதை வீடியோவாக்குவது ப்ராசசரின் பாடு. ஒவ்வொரு காட்சிக்கும் வெயில் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று அதுதான் கணக்குப் போட வேண்டும். எண்பது மணி நேரம் ஆகும் என்று காட்டியது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் என் கையில் இருப்பது எழுபத்திரண்டு மணி நேரம்.

திங்கட்கிழமை முழுக்க வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றரை கிகாஹெர்ட்ஸில் இருந்து துளி ஏற்றுவது, அதற்குத் தக்கபடி வோல்டேஜையும் துளி ஏற்றுவது, பிறகு அரை மணி நேரம் சோதனை ஓட்டம். ஏழு தடவை நீலத் திரை காட்டிப் படுத்துக்கொண்டது. எட்டாவது தடவை நான்கைத் தொட்டு நின்றது. சூடும் எண்பது டிகிரிக்குள் இருந்தது. எழுபது மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? மில்லுக்கு ஓடிப்போய் வீட்டுக்காரரிடம், "நாலு தொட்டுருச்சுங்க" என்றேன். அவர் கொப்பரை மூட்டையில் இருந்து தலையைத் தூக்கி, "செரி அம்மணி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, கடைக்கும் போய்விட்டு வந்தால், பெட்டி பளபளவென்று இருந்தது. மில்லில் எதைச் சுத்தம் செய்தாலும் காற்றுக் குழாயை வைத்துத்தான் அடிப்பார்கள். இவரும் அப்படித் தூசி அடித்திருக்கிறார் என்று நினைத்து மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். பத்து மணிக்கு ஓட்டத்தை ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் சூடு எண்பத்தெட்டு. கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் பெட்டி தானாக அணைந்துபோகும். கூடவே ஒரு வாசம். எங்கள் வீட்டில் எண்ணெய் வாசம் புதிதில்லை, ஆனால் இது சட்டியில் எண்ணெய் காய்கிற வாசம். டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ராசசருக்கு மேலே உள்ள ஃபேனின் அடியில் இருந்து மினுமினுவென்று ஒரு கோடு வழிந்திருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அதுவா? ஃபேனக் கழட்டிப் பாத்தேன். அடியில சாம்பக் கலர்ல சேறாட்டம் ஒட்டியிருந்துச்சு. சொரண்டித் தொடச்சுப்போட்டு ரெண்டு சொட்டு எண்ணெ உட்டு மாட்டுனேன். எந்த மெஷினா இருந்தாலும் எண்ணெ போடோணுமில்ல அம்மணி?" முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்தச் சேறுதான் ப்ராசசரின் சூட்டை மேலே இருக்கும் உலோகத்துக்குக் கடத்துகிற பேஸ்ட்.

"உங்கள யாருங்க கைய வெக்கச் சொன்னது?" என்று நான் கத்தியது மில் வரைக்கும் கேட்டிருக்கும். "அஞ்சு வருசங் கழிச்சு ஒரு வேலை வந்திருக்குது. இதும் போச்சுன்னா என்ர படிப்பு இந்த ரூமுக்குள்ளயே மக்கிப்போயிரும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"என்ன வாங்கியாரோணும்னு எழுதிக் குடு, போய்ட்டு வாரேன்" என்றார் அவர். ஓடிக்கொண்டிருந்த மில்லை நிறுத்திவிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினார். ஆட்டுகிற நாளில் அவர் மில்லை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

நான் வேகத்தைப் பழையபடி மூன்றரைக்கு இறக்கிவிட்டுக் காவல் இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்த வேகத்தில் எங்கள் மில் எண்ணெய் அசராமல் தாங்கியது. ஆனால் கையில் மிச்சமிருந்த இரண்டு மணி நேரம் கரைந்துகொண்டே வந்தது.

ஆறு மணிக்கு வந்தார். பையில் மூன்று ரக பேஸ்ட். "எதுன்னு வெவரந் தெரியல, மூணையும் வாங்கிப்போட்டேன். கடைக்காரத் தம்பிகிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டேன்" என்றார். எனக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. பெட்டியை நிறுத்தி, எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துப் பேஸ்ட் வைத்தேன். அவர் மூச்சு விடாமல் டார்ச் பிடித்தார். மறுபடி நான்குக்கு ஏற்றி, விட்ட காட்சியில் இருந்து ஓட்டத்தைத் தொடர்ந்தேன். சூடு எழுபத்தெட்டில் போய் நின்றது. "எறங்கிருச்சா?" என்று அவர் கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒன்பது இருபதுக்குக் கடைசிக் காட்சி முடிந்தது. வீடியோவைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு அவர் பைக்கில் ஏறி உட்கார்ந்தேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க இன்ஜினியர் ஆபீசுக்குள் நுழைந்தோம்.

வீடு கட்டுகிற புருஷனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். வீடியோவில் சமையலறை வந்ததும் அந்த அம்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். அடுப்பு மேடையில் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, அதைய இன்னொருக்கா போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டார்கள்.

"அடுத்த மூணு வீட்டுப் பிளானையும் இப்பவே எடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றார் இன்ஜினியர். "ரொம்பப் பெரிய சிஸ்டம் வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள், கதவோரம் பைக் சாவியோடு நின்றவர் முந்திக்கொண்டார்.

"இல்லீங்க, இருக்கறதுலயே சின்ன ப்ராசசருங்க. மூணரையில ஓட வேண்டியது. எங்கூட்டு அம்மணி அதைய நாலுக்கு ஏத்திப்போட்டா. சும்மா ஏத்திர முடியாதுங்க. சூடு தொண்ணூத்தஞ்சத் தாண்டப்படாது பாருங்க, அங்கதானுங்க வேலையே இருக்குது."

ஐந்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் இன்னொருவரிடம் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எண்ணெய் விட்ட கதையை மட்டும் அவர் நைசாக விட்டுவிட்டார்.

அதை நான் சொன்னேன்.