புகைக்கூடத்து ஸ்பீக்கர்

பாக்கார் ஆராங் நகர்ப்புறத்தில் உள்ள எங்கள் வீட்டு ஹாலில், அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபையர் சூடேறியதும் ரப்பர் புகை வாசம் எழுந்தது.

என் சிறுவயதில், கூலிம் ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூடத்தில்தான் அவருடைய ராக் குழு வாசிக்கும். தொங்கும் ரப்பர் ஷீட்டுகள் சத்தத்தை அமுக்கிவிடும் என்று நம்பினார்கள். அமுக்கவில்லை. தோட்டத்துத் துரை ஆளனுப்பி நிறுத்தச் சொன்னார். அப்பா கதவை விரியத் திறந்து, ஸ்பீக்கரைத் துரையின் பங்களா பக்கம் திருப்பினார்.

“நல்லா கேக்கட்டும்லா!”

அந்தக் குழுவில் மிஞ்சியவர் டிரம்ஸ் வாசிக்கும் மணி மாமா மட்டும். இப்போது கித்தார் நான்; பாட்டுக்கும் பேஸுக்கும் ஃபேக்டரிப் பெண்கள் இருவர். மாமா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

“பொம்பளப் பிள்ளைங்க உங்கப்பா குழுவோட பேர்லயே வாசிச்சா ஜனங்க சிரிப்பாங்கம்மா.”

நான் கதவை விரியத் திறந்து, ஸ்பீக்கரைத் தெருப் பக்கம் திருப்பினேன்.

“சிரிச்சு முடிச்சிட்டுக் கேக்கட்டும். குச்சிய எடுங்க, மாமா.”