சின்ன வாய் மெஷின்

"டிஸ்க் போட்டியில புளூ-ரே ஜெயிச்சு, எச்டி டிவிடி தோத்து எத்தனையோ வருஷமாச்சுப்பா. இதுக்கு டிஸ்க்கே வராது லா, தூக்கிப் போடுங்க" என்று என் எச்டி டிவிடி பிளேயரை மகன் கழற்ற வந்தான். அதற்குள் பொத்தானை அமுக்கினேன். தட்டு வெளியே வந்த 'கிர்ர்' சத்தத்தில் சிங்கப்பூர் ஈசூனில் நாங்கள் இருந்த பழைய வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது கம்பெனிகளின் போட்டியில் வீடியோ டேப் சின்னது, பெரியது என இரண்டு ரகம்; ஒன்றின் மெஷினில் மற்றது ஓடாது. அப்பா சின்ன டேப் மெஷினை வாங்கி, தீபாவளிக்கு எங்கள் மாடியில் இருந்த எல்லா வீட்டாரையும் படம் பார்க்க அழைத்தார். எதிர்வீட்டு மாமா ஒரு பட டேப்போடு வந்தார். அது பெரிய டேப், நுழையவில்லை.

"மச்சான், உன் மெஷினுக்கு வாய் சின்னது லா! எல்லாரும் நம்ம வீட்டுக்கு வாங்க!"

முறுக்குத் தட்டோடு கூட்டம் எழுந்து போனது. அப்பா மட்டும் நகரவில்லை. "நம்ம மெஷின்லதான்டா படம் தெளிவு" என்றார்.

கம்பெனிகள் அடித்துக்கொள்ளட்டும். அவமானம் ஏன் வாங்கியவனுக்கு? ஆறாம் வகுப்போடு நின்ற நான் லிட்டில் இந்தியாவில் மூன்று கடை வைத்திருக்கிறேன். இன்று விற்ற சாமான் நாளை செல்லாது என்று நான் சொன்னால் வாங்கியவர்கள் என்னை விடுவார்களா?

இருந்த ஒரே டிஸ்க்கைப் போட்டேன்.

"உட்காருடா. தெளிவைப் பாரு. படம் முடியறவரைக்கும் எழுந்து போகக் கூடாது."