கதிரை பேஸ்மென்டுக்குப் போன நாள்

மாமா கடைசியாக வாசற்படி முழுவதும் இறங்கியது ஐப்பசி மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை. இறங்கினார் என்று எழுதுவதும் பிழை. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் இருந்த கதிரையோடு தூக்கி இறக்கினோம். அதன்பின் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டின் பின்னறைதான் அவருக்கு எல்லாம். வெளியே போக முடியாத வயதானவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் டொக்டர் ஒருவர் ஆறு கிழமைக்கு ஒருதரம் வந்துபோனார். இளம் பெண். முதுகில் பை, சப்பாத்துக்கு மேல் நீல உறை.

மாமாவின் ஒரே மகன், என் மச்சான், பக்கத்து ஊரான டொலார்டில் இருக்கிறார். காரில் பத்து நிமிடம். அவர் வருவதும் ஆறு கிழமைக்கு ஒருதரம்தான். தகப்பனைப் பார்க்க அல்ல, டொக்டரை வரவேற்க. இடைப்பட்ட நாட்களில் மாமாவைக் கழுவியதும் குளிசை கொடுத்ததும் அவருடைய மகளான என் மனைவியும் நானும். விழுந்த நாள், கால் வீங்கிய நாள் எல்லாவற்றையும் நான் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வந்தேன்.

மாசி மாதம், ஒரு செவ்வாய். மச்சான் கோட் போட்டுக்கொண்டு ஒரு தட்டு றோல்ஸோடு வந்தார். பின்னறையை எட்டிப் பார்த்து, மாமா மலசலம் கழிக்கக் கட்டிலருகே வைத்திருந்த கதிரையைக் கண்டு முகத்தைச் சுளித்தார்.

"உந்தக் கக்கூஸ் கதிரையைக் கீழ கொண்டுபோய் வையும் ஐசே. வாறவ என்ன நினைப்பா?"

"வருத்தக்காரர் இருக்கிற வீடெண்டு நினைப்பா."

"பகிடி விடாதையும்."

கதிரை பேஸ்மென்டுக்குப் போனது. பிடித்து நடக்கும் வோக்கர் அலுமாரிக்குள் போனது. மாமாவுக்குச் சவரம் செய்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சேட்டும் நீளக் காற்சட்டையும் மாட்டி, இருவருமாக முன் அறை சோபாவுக்குத் தூக்கிவந்து, சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் தலையணை செருகினோம். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னால் எவரும் நம்பியிருப்பார்கள்.

டொக்டர் நடை எப்படி என்று கேட்டார்.

"எழும்பவே ஏலாமக் கிடக்கு பிள்ளை. போன கிழமை ரெண்டுதரம் விழுந்திட்டன்" என்றார் மாமா.

மச்சான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: வீடு முழுக்க நடக்கிறார், ஒரு குறையும் இல்லை. பிறகு தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் செலவழித்தார்: "ட்ரே பியன், ட்ரே பியன்." மிக நல்லம், மிக நல்லம்.

டொக்டர் பிறஷர் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார். வீட்டுக்கு வரச்சொல்லிக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். இவர் இவ்வளவு நடப்பதால் இனிக் காரில் கிளினிக்குக்கு வரலாம் என்றார். மச்சான் பரிசு வாங்கியவர் மாதிரி "மெர்சி" என்று நன்றி சொன்னார். அன்று பின்னேரமே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன். அப்பா தேறிவிட்டாராம், டொக்டரே சொல்லிவிட்டாவாம்.

பங்குனியில் கிளினிக் நாள் வந்தது. படியில் உறைபனி. கீழே கார் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு மச்சான் மேலே வந்தார். இருவருமாகத் தாங்கிப் பிடித்தும் மாமா இரண்டாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்சட்டை நனைந்துவிட்டது.

"அப்பா, கொஞ்சம் மனம் வையுங்கோ."

"மனம் எப்பவோ காருக்குள்ள ஏறியிருந்திட்டுது தம்பி. கால்தான் வருகுதில்லை."

மச்சான் தகப்பனைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு யன்னலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

மாமாவைத் திரும்பப் படுக்கையில் கிடத்தியபின் நான் கிளினிக்குக்குப் போன் எடுத்து, கொப்பியில் இருந்த விழுந்த நாட்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். அடுத்த கிழமை டொக்டரே வந்தார். மச்சானுக்கு நான் அறிவிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கக்கூஸ் கதிரை. பழைய சாரம் உடுத்தபடி மாமா. டொக்டர் காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. மாமாவின் பெயரைத் திரும்பவும் வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களின் பட்டியலில் போடுவதாகச் சொன்னார்.

பிறகு கொப்பியை வாங்கிப் பார்த்தார். எழுத்து விளங்காவிட்டாலும் திகதிகள் விளங்கின. மாசி மாதச் செவ்வாயில் விரலை வைத்து, அன்றைக்கு இந்தக் கொப்பி எங்கே இருந்தது என்று கேட்டார்.

என் சேட்டுப் பையில் இருந்தது. மச்சானை விட எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். மனைவியின் தமையனைப் பிற ஆட்களுக்கு முன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அந்தத் திகதிக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்றும் கேட்டார். வாசித்துக் காட்டினேன்: "கதிரை பேஸ்மென்டுக்கு. தூக்கியது நான்."