பெட்டிக்குள் சனூஸா கண்டது

நான்கு மாதமும் பத்து நாளும். கணவனை இழந்த முஸ்லிம் பெண் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாக் காலம் அது. மூதூர் சனூஸா அதில் பாதிகூட முடியாத ஒரு திங்கட்கிழமை காலையில் கறுத்த அபாயாவைப் போட்டுக்கொண்டு வாடகை வேனில் ஏறினாள்.

"இத்தாவில இரிக்கிறவ எங்க போறா?" என்று எதிர்வீட்டு ஷிஃபானா வேலிக்கு மேலால் கேட்டாள். சனூஸாவிடம் கேட்கவில்லை, சனூஸாவின் காதில் விழும்படி கேட்டாள். "ரவுணுக்கு, கடை பாக்கவாக்கும்."

வேறு நாளென்றால் சனூஸா ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் குத்தகையை எடுத்தவள் அவள். அதிபரிடமே வாய் காட்டி அரிசியை மாற்றி வாங்கியவள். அன்று வேனின் கதவை மட்டும் இழுத்துச் சாத்தினாள். பத்து மணிக்குத் திருகோணமலை நகரத்துக்கு வெளியே இருந்த படை முகாமில் விசாரணைக் குழு கூடுகிறது. அவள் போகாவிட்டால் கணவன் முனீப்பின் கோப்பு அன்றே மூடப்படும். வாகன விபத்து, தீயில் கருகி மரணம் என்று.

அது பொய்யென்று சனூஸாவுக்குத் தெரியும்.

முனீப் படையில் சாரதி. மூதூரிலிருந்து அப்படிப் போனவர்கள் மிகக் குறைவு. அதனால் லீவில் வரும்போதெல்லாம் தேத்தண்ணீர்க் கடையில் "ஜெனரல் வாறார், கதிரையக் குடுங்கடா" என்பார்கள். அவனும் சலாம் அடித்துவிட்டு உட்காருவான். ஆபிரிக்காவுக்கு அமைதி காக்கும் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றபோது அவனாகவே பெயர் கொடுத்தான். ஒரு வருடம் போய் வந்தால் அரைகுறையாக நின்ற வீட்டைக் கட்டி முடிக்கலாம் என்பது கணக்கு. விமான நிலையத்தில் பாண்ட் வாத்தியம் வாசித்தார்கள். மந்திரி ஒருவர் வந்து நாட்டின் பெருமை பற்றிப் பேசினார்.

முதலில் வந்த குரல்பதிவுகளில் சிவந்த புழுதியும் ஆட்டிறைச்சியும் வெயிலும் இருந்தன. பிறகு நுளம்பு வந்தது. "மலேரியாக் குளிசை முடிஞ்சிட்டு புள்ள. கேட்டா அடுத்த பிளேன்ல வருதாம். நுளம்பு அதுக்குக் காத்திரிக்கிதா? லீவே எடுக்காம வேல செய்யிது." அதைச் சொல்லிச் சிரித்தான். கடைசிப் பதிவில் சிரிப்பு இல்லை. "காய்ச்சல். எழும்ப ஏலாமப் படுத்திரிக்கன். டாக்குத்தர் வேற முகாமிலயாம். ஒண்டும் யோசிக்காத."

அதற்குப் பிறகு அவள் எடுத்த எந்த அழைப்புக்கும் பதில் இல்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. வாகனத் தொடரில் முனீப் ஓட்டிய லொறி குடைசாய்ந்து தீப்பற்றியது என்றார்கள். வீரமரணம் என்றார்கள்.

பெட்டி வந்த நாளில் ஊரே ஒழுங்கையில் நின்றது. கொடி போர்த்தி, துப்பாக்கி வேட்டுத் தீர்த்து, எல்லாம் முறைப்படி நடந்தது. பெட்டியைத் திறப்பதில்தான் முறுகல் வந்தது. மரப்பெட்டிக்குள் ஈயம் வைத்து ஒட்டிய தகரப்பெட்டி. கூட வந்த கப்டன் உடைந்த தமிழில், "திறக்க வேணாம். உத்தரவு. எரிஞ்ச உடம்பு, பாக்க ஏலாது," என்றார்.

"குளிப்பாட்டாம அடக்க ஏலாது சேர்," என்றான் முனாஸ். முனீப்பின் மூத்த சகோதரன். சந்தையில் இரும்புக்கடை வைத்திருப்பவன். எப்போதும் தணிந்தே பேசுகிறவன்.

"எரிஞ்ச உடம்பக் குளிப்பாட்டலாமா?"

இதற்கு ஸைனுலாப்தீன் பதில் சொன்னார். ஊரில் இறந்த ஆண்களைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிடுகிறவர் அவர். "தண்ணி பட்டா உடம்பு பழுதாகுமெண்டா ஊத்த மாட்டம். அதுக்குப் பதிலா மண்ணால தயம்மும் செய்வம். அதுக்கும் தொட வேணும். தொடுறதெண்டா திறக்கத்தான் வேணும்."

கொரோனாக் காலத்தில் பெட்டியைத் தொடவிடாமல் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, இறந்த உடல்களை, அரசு எரித்தது அங்கு நின்ற ஒருவருக்கும் மறக்கவில்லை. கூட்டம் சத்தம் போடவில்லை, பெட்டிக்கு நெருக்கமாக வந்து நின்றது. கப்டன் தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார். அவர் திரும்பி வருவதற்குள் முனாஸ் கடையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரிக்கோலை எடுப்பித்திருந்தான். கப்டன் கூட்டத்தைப் பார்த்துவிட்டு விலகி நின்றார்.

கணவனைக் குளிப்பாட்ட மனைவிக்கு உரிமை உண்டு. சனூஸா அந்த உரிமையைக் கேட்டாள். பிள்ளைகள் இருவரையும் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொல்லையில் கட்டிய மறைப்புக்குள் போனாள். உள்ளே ஸைனுலாப்தீனும் முனாஸும் நின்றார்கள். கருகிய ஒன்றைப் பார்ப்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டே போனவள் அவள்.

முனீப் முழுதாக இருந்தான். ஒரு கீறல் இல்லை. புருவ மயிர்கூடக் கருகவில்லை. உடம்பு மஞ்சளாக இருந்தது. கண் இமையை விரித்தால் அங்கும் மஞ்சள். புறங்கையில் ஊசி ஏற்றிய தழும்பைச் சுற்றி நீலம். உடம்பை வெட்டித் தைத்த அடையாளம் எங்கும் இல்லை. ஒரு வைத்தியரும் அவனைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸைனுலாப்தீன் தண்ணீர் வாளியை இழுத்தார். "பிஸ்மில்லா. வலப் பக்கத்தால தொடங்குவம்," என்றார்.

சனூஸா தண்ணீர் ஊற்றினாள். மறைப்பை விட்டு வெளியே வந்ததும் ஸைனுலாப்தீன் அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "மையித்தில கண்டத வெளியில சொல்லக் கூடாது மகள். அது அமானிதம், எங்கள நம்பித் தந்தது."

அவள் தலையாட்டினாள். படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் எடுக்கவிட்டிருக்க மாட்டார்கள். வேறு ஊரென்றால், வேறு ஆட்களென்றால், பொலிஸைக் கூப்பிட்டிருப்பார்கள், வைத்தியரைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே மையித்தை, இறந்த உடலை, பிந்தவிடாமல் அடக்குவதே இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னே முனீப் மையவாடி மண்ணுக்குள் போய்விட்டான். கப்டன் நின்று பார்த்து, சலாம் அடித்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் இருந்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை சனூஸாவுக்கு விளங்கவில்லை.

அவளுடைய வாயைத் திறக்க வைத்தது ஒரு செய்தி. அதே நாட்டுக்குப் போக அடுத்த அணியைத் தெரிவு செய்து பயிற்சி தொடங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பாண்ட் வாத்தியம், மந்திரி, வரிசையில் நிற்கும் பையன்கள். பேட்டியில் ஓர் அதிகாரி, இதுவரை ஒரேயொரு இழப்புத்தான், அதுவும் வீதி விபத்து என்றார். நலன்புரி ஏற்பாடுகள் எல்லாம் திறம் என்றார்.

அன்று பின்னேரம் அவள் ஸைனுலாப்தீனைக் கூப்பிட்டனுப்பினாள். இத்தாவில் இருப்பதால் கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்துதான் கதைத்தாள்.

"மறைக்கச் சொன்னது மையித்துட குறையத்தானே மாமா?"

"ஓம்."

"மஞ்சளானது அவர்ர குறையா? குளிசை குடுக்காம விட்டது அவர்ர குறையா?"

வெளியே கதிரை கிறீச்சிட்டது. "நீ மனைவி. ஒனக்குக் கேக்க உரிமை இரிக்கி," என்றார் ஸைனுலாப்தீன். "நான் நாப்பது வருசமா ஊருட மையித்தெல்லாம் கழுவின ஆள். இதச் சொன்னா நாளைக்கு ஆரும் என்னை நம்பி உள்ள விட மாட்டாங்க. என்னைக் கூப்பிடாத."

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை அவள் தனியே போக வேண்டி வந்தது. தனியே என்றால், கூட ஜெயரூபி இருந்தாள். திருகோணமலை நகரத்துச் சட்டத்தரணி. வெளிநாட்டில் இறந்த வேலையாட்களின் வழக்குகளை எடுத்து நடத்துகிறவள்.

"ஏன் மிஸ் பொய் சொன்னவங்க?" என்று கிண்ணியாப் பாலத்தில் வேன் ஏறும்போது சனூஸா கேட்டாள்.

"லொறி பிரண்டா யாரும் யாரையும் ஒண்டும் கேக்க மாட்டினம், தங்கச்சி. காய்ச்சலில செத்தா, குளிசை ஏன் போகேல்லை, டொக்டர் ஏன் இல்லை, கையெழுத்து வச்சது யார் எண்டு கேள்வி வரும். கேள்வி மேல மேல போகும்."

முகாமில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த மேஜர் சிங்களத்தில் கேட்டார், ஒரு சிப்பாய் தமிழாக்கினான். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். அனுதாபம் சொன்னார்கள். சனூஸா குரல்பதிவைப் போட்டுக் காட்டினாள்.

"காய்ச்சல் வந்தவர் சுகமாகி வேலைக்குப் போயிருக்கலாம்தானே?" என்றார் மேஜர்.

"போயிருக்கலாம். லொறி எரிஞ்சதெண்டு நீங்க சொல்லுறீங்க. அவர்ர புருவ மயிர் கருகல்ல சேர்."

தமிழாக்க வந்த சிப்பாய் ஒரு கணம் தயங்கினான். பிறகு சொன்னான்.

"நீங்கள் டொக்டரா?"

"இல்ல. நான் அவரக் குளிப்பாட்டினனான்."

"படம் இருக்கா? வைத்திய அறிக்கை? வேற யாராவது பார்த்தவங்களா?"

முனாஸையும் அழைத்திருந்தார்கள். அவன் வெளியே வாங்கில் இருந்தான். உள்ளே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அழுதுகொண்டிருந்தனான் சேர். சரியாப் பாக்கல்ல."

சனூஸா அவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை.

வெளியே முற்றத்தில் அவளே பேச்சைத் தொடங்கினாள். "என்ன மச்சான் அது?"

"கடைக்குச் சாமான் வாறது எத்தின செக்பொயின்ற் தாண்டித் தெரியுமா?" என்றான் முனாஸ். "ஆரையும் பிடிச்சு உள்ள போட ஒரு கேஸ் வேணும், ஒரு பேர் வேணும் எண்டு யோசிச்சா அவங்களுக்கு எவ்வளவு நேரம்? தம்பி போயிட்டான். நான் இருக்கிறவங்களப் பாக்கணும்."

"அடுத்த பிளேன்ல போறவங்களும் இருக்கிறவங்கதான்."

"அவங்களுக்கு நானா பொறுப்பு?"

"பொறுப்பானவங்கள் ஆரெண்டு சொல்ல மாட்டாங்களாம். அதுதான் கேக்கன்."

விசாரணைக் குழுவின் முடிவு ஒரு மாதத்தில் வந்தது. விபத்து, அதில் மாற்றமில்லை. மனைவியின் கூற்றுக்குச் சான்று இல்லை. ஜெயரூபி மூதூருக்கு வந்து குசினியில் பலகைக்கட்டையில் இருந்து அதை வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்ததும் தாளை மடித்து வைத்தாள்.

"இனி ஒரு சாட்சிதான் மிச்சம், தங்கச்சி."

மண்ணுக்குள் கிடக்கும் உடம்பைச் சொல்கிறாள் என்று சனூஸாவுக்கு விளங்கியது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரே குந்தினாள். "இவ்வளவு நாளுக்குப் பிறகு என்ன தெரியும்?"

"டொக்டரிட்டக் கேட்டனான். காய்ச்சல்தானா எண்டது தெரியாமலும் போகலாம். எலும்பு முறிஞ்சதா, எரிஞ்சதா எண்டது தெரியும். அவையள் சொன்னது பொய்யெண்டது மட்டும் தெரியும்."

"ஏன் செத்தாரெண்டு தெரியாமலே போகலாம்."

"ஓம். போகலாம்."

புருஷனைப் புதைத்த கபுறைத் தோண்டக் கேட்கிறாள் என்ற செய்தி ஊருக்குள் பரவப் பொழுது அதிகம் எடுக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் கூடியது. தேவையென்றால் தோண்டலாம் என்று மௌலவி மார்க்கச் சட்டக் கிதாபை விரித்துக் காட்டினார். நிர்வாகத்தில் பாதிப்பேர் கிதாபைப் பார்க்கவில்லை, முனாஸைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடச் சமையல் குத்தகை வேறொருத்திக்குக் கைமாறியது. காரணம் யாரும் சொல்லவில்லை. ஷிஃபானா வேலிக்கு மேலால், "மண்ணுக்குள்ளயும் அவனுக்கு நிம்மதி இல்ல," என்றாள். இந்த முறை சனூஸா பதில் சொன்னாள்.

"நிம்மதியா இரிக்கிறது அவரில்ல ராத்தா. வேற ஆக்கள்."

நீதிமன்றத்தில் அரசின் சட்டத்தரணி தேசியப் பாதுகாப்பு என்ற சொல்லைப் பலமுறை சொன்னார். ஒரு நாட்டின் படை வெளியே செய்யும் பணி பற்றிய விபரங்கள் இங்கே ஆராயப்பட முடியாது என்றார். நீதவான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆபிரிக்காவில் என்ன நடந்தது என்பது தன் கேள்வி இல்லை, மூதூர் மண்ணில் கிடக்கும் ஓர் உடல் எரிந்ததா இல்லையா என்பதே கேள்வி என்றார். அந்த உடல் தன் எல்லைக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி, தோண்டிப் பார்க்க உத்தரவிட்டார்.

அன்று மாலை ஸைனுலாப்தீன் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "சாட்சி சொல்ல மாட்டன் எண்டு சொன்னனான். அதில மாற்றமில்ல," என்றார் சீலைக்கு வெளியே நின்று. "ஆனா திரும்பக் கபனிட ஒராள் வேணும். அதுக்கு நான் வருவன்."

"முனாஸ் மச்சான்?"

"வர மாட்டானாம்."

மையவாடியில் கபுறைச் சுற்றிக் கூடாரத் துணி கட்ட பொலிஸார் கம்பு நட்டிருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை காலை, நீதவான் முன்னிலையில், சட்ட வைத்திய அதிகாரி அதைத் திறப்பார். அடுத்த அணி ஆபிரிக்காவுக்குப் புறப்படுவது அதற்கு முதல்நாள்.