ராயப்பருக்குக் கிடைக்காத மீன்

எங்கள் ஊரில் கடலுக்குப் போய்வந்தவனிடம் "மீன்பாடு எப்படி?" என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "கறிக்கு உண்டு." வள்ளம் தாழ அள்ளி வந்தவனும் அதையேதான் சொல்வான், கண் பட்டுவிடும் என்று. வெறும் வலையோடு வந்தவனும் அதையேதான் சொல்வான், மானம் போய்விடும் என்று. மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தக் கடற்கரைக்கு நான் தையல் மெஷினோடு குடிவந்த புதிதில் அதை அப்படியே நம்பினேன். கறிக்கு மட்டும் மீன் பிடித்துக்கொண்டு இவர்கள் எப்படி மாடி வீடு கட்டுகிறார்கள் என்று வியந்துமிருக்கிறேன்.

இந்தப் பதிலை ஊரிலேயே அழகாகச் சொல்லக்கூடியவன் என் நண்பன் மரியஜான். ஐம்பதைத் தாண்டியவன். வழுக்கை, அகன்ற தாடி, வள்ளத்து என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். வீட்டில் சோற்றுக்கு உப்புக் கேட்டால் அடுத்த தெருவில் எடுத்து வைப்பார்கள். பிடிவாதத்தில் அவனிடம் எதையும் பெயர்ப்பது கல்லில் நார் உரிப்பதுதான். ஆனால் நாடகம் என்றால் ஆள் உருகிவிடுவான்.

ஊர்த் திருவிழாவில் எட்டாம் நாள் நாடகம். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு, ஆண்டவரின் சீடர் சீமோன் என்கிற ராயப்பர்தான் பாதுகாவலர், அவரும் மீன் பிடித்தவர், ஆகவே நாடகமும் அவர் கதைதான். மரியஜானுக்குச் சின்ன வயதிலிருந்து ராயப்பராக நடிக்க ஆசை. கிடைத்ததெல்லாம் காவலாளி, இடப்பக்கத்துக் கள்ளன், ஒரு வருடம் சேவல். ராயப்பர் ஆண்டவரை மறுதலிக்கும்போது கூவும் சேவல் அது. திரைக்குப் பின்னால் நின்று கூவினான். கைதட்டல் விழுந்ததும் குஷியில் மறுபடி மறுபடி கூவிவிட்டான். மேடையில் நின்ற ராயப்பர் வேறு வழியில்லாமல் வேதத்தில் இல்லாத இரண்டு மறுதலிப்புகளைக் கூடுதலாகச் செய்ய வேண்டிவந்தது.

போன வருடம் அந்த ராயப்பரை மகன் துபாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நாடகத்தை எழுதி நடத்தும் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் லிபின், தாடியைப் பார்த்ததும் வேடத்தை மரியஜானுக்குக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலமே அங்கிக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்தவன், கையை விரித்து நின்றபடி, தான் இனிக் கெட்ட வார்த்தை பேசப்போவதில்லை என்று அறிவித்தான். நான் ஊசியால் குத்திவிட்டபோதுதான் அந்த விரதம் முடிவுக்கு வந்தது.

என்னையும் நாடக வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். நான் செல்வதாஸ், சி.எஸ்.ஐ. சபைக்காரன், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவன். ராயப்பரோடு வலை வீசும் யாக்கோபுக்குத் தைத்த அங்கி எனக்குச் சரியாக இருந்தது, யாக்கோபுக்கு வசனமும் இல்லை. போதாதா?

ஒத்திகையின் முதல் நாளே வள்ளம் தரை தட்டியது. ஆண்டவராக நடித்தவன் பிரபின், மரியஜானின் அக்கா மகன், வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக், விடுமுறைக்கு வந்திருந்தான். "சீமோனே, மீன் கிடைத்ததா?" என்று அவன் கேட்க வேண்டும். "இரவெல்லாம் வலை வீசினோம் ஆண்டவரே, ஒரு மீன்கூட அகப்படவில்லை" என்று ராயப்பர் சொல்ல வேண்டும். மரியஜான் நெஞ்சை நிமிர்த்தி, கணீரென்று, "இரவெல்லாம் வலை வீசினோம் ஆண்டவரே, கறிக்கு அகப்பட்டது" என்றான்.

லிபின் பொறுமையாக விளக்கினார். கறிக்கு இருந்தால் ராயப்பர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார், பிறகு வெறும் வலையை ஆண்டவர் மீனால் நிரப்பும் அற்புதம் எதற்கு என்று கேட்டார். மரியஜானுக்குப் புரியாமலில்லை. நாக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள், "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று இறங்கிவந்தான். அதற்கு அடுத்த நாள், "கொஞ்சம் சாளை" என்று மறுபடி ஏறிவிட்டான்.

வெறுத்துப்போன லிபின் ஊரிலுள்ள மற்ற கடல்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லிப் பார்த்தார். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சவேரியடிமை முதலில் வந்தார். மீசையை நீவிக்கொண்டு, "கறிக்கு உண்டு ஆண்டவரே" என்றார். பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் லிபின் என்னிடம் வந்தார். நான் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "அண்ணே, சட்டைக்குப் பொருத்தமா பொத்தான் கெடைக்கல்லன்னு சொல்லிய மாதிரி இருக்கு" என்றார் அந்த மனுசன். வேடம் மரியஜானிடமே திரும்பிப் போயிற்று, மேடையில் சொல்லிவிடுவேன் என்ற வாக்குறுதியோடு.

அவன் தயங்கியதற்கு வேறு காரணமும் இருந்தது. திருவிழாக் கொடியேற்றத்துக்கு வெகு முன்பிருந்தே அவன் வலை வெறுமையாகத்தான் வந்துகொண்டிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இது அவனுக்கும், அவனோடு கடலுக்குப் போகும் சுபினுக்கும் சுபினின் தம்பிக்கும், மரியஜானின் மனைவி வேளாங்கண்ணிக்கும் மட்டுமே தெரியும். வேளாங்கண்ணி விடியுமுன்னே வேனேறி அடுத்த துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி, எங்கள் வள்ளத்து மீன் என்று ஊரிலேயே விற்றுக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் பிரித்துத் தைக்க வந்த இடத்தில் என்னிடம் சொன்னாள். எங்கள் ஊரில் ரகசியங்கள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் தையல்கடைக்குத்தான் வரும்.

இதற்கிடையில் சவேரியடிமை டீக்கடையில் உட்கார்ந்து, மரியஜானுக்குக் கைராசி போய்விட்டது என்று புரளி கிளப்பத் தொடங்கியிருந்தார். சுபினையும் தம்பியையும் தன் வள்ளத்துக்கு இழுப்பதுதான் நோக்கம். ராசி போனவனோடு இங்கே யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அந்த இரண்டு பேரும் போனால் மரியஜானின் வள்ளம் மணலில் கிடக்க வேண்டியதுதான், ஒற்றை ஆளாகக் கடலில் தள்ள முடியாது. இந்த நேரத்தில் ஊரையே கூட்டிவைத்து, மைக்கும் கொடுத்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னால் அவன் என்னதான் செய்வான்? எனக்கே அவனை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

நாடகத்தன்று மாலை அங்கியை மாட்டிவிடும்போது வேளாங்கண்ணி கூட இருந்தாள்.

"கடவுளுட்ட உள்ளதச் சொல்லியதுக்கு என்ன நாணம் உமக்கு?" என்றாள். "அவருக்குத் தெரியாததா?"

"அவருக்குத் தெரியும்," என்றான் மரியஜான். "முன்வரிசைல இருக்கிய சவேரியடிமைக்குத் தெரியாதுல்லா."

அவள் இடுப்புக்கயிற்றை ஒரு பிடி கூடுதலாக இறுக்கிவிட்டுப் போனாள்.

அற்புதத்துக்கு மீன் வேண்டும். நாடகக்குழு வீடுவீடாகப் போய் வள்ளக்காரர்களிடம் காணிக்கையாக ஒரு கூடை கேட்டிருந்தது. கர்த்தர் கிருபையில் காலையிலேயே எல்லாம் விற்றுப்போயிற்று என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். கடைசியில் ஆட்டோ பிடித்து வடசேரிச் சந்தைக்கு ஆள் அனுப்பி, மலையடிவாரத்துக்காரர்கள் வாங்குகிற ஐஸ் மீனைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதை நான் யாரிடம் சொல்லி அழ. பெட்டி என் காலடியில்தான் இருந்தது. ராயப்பர் வலையைப் பலகை வள்ளத்துக்குப் பின்னால் இறக்கியதும், யாக்கோபாகிய நான் குனிந்து மீனை வலைக்குள் தள்ள வேண்டும்.

பூசை முடிந்து ஊர் முழுக்கக் கூடியிருந்தது. முன்வரிசையில் சவேரியடிமை காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுபினும் தம்பியும். திரை விலகியது. பிரபின் வெள்ளை அங்கியில் வந்து, கை நீட்டி, "சீமோனே, மீன் கிடைத்ததா?" என்று கேட்டான்.

மரியஜான் வாயைத் திறந்தான். "இரவெல்லாம் வலை வீசினோம் ஆண்டவரே..." அவ்வளவுதான். திரைக்குப் பின்னாலிருந்து லிபின் வசனத்தை எடுத்துக்கொடுத்தார். மைக்கில் அது எல்லாருக்கும் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. "கறி..." என்று தொடங்கினான். அவன் அதை முடிக்கவில்லை. வள்ளத்து விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாடகத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"ஒண்ணும் இல்ல ஆண்டவரே," என்றான். "இந்த ஒரு ராத்திரி மட்டுமில்ல. கொடி ஏறியதுக்கு எவ்வளவோ முன்னேருந்து ஒண்ணும் இல்ல. கறிக்கும் இல்ல. எனக்க பெண்டாட்டி வேற கடப்புறத்துல மீன் வாங்கி வித்து எனக்குக் கஞ்சி ஊத்துறா."

சவேரியடிமை சிரிக்கப்போகிறார் என்று நானும் அவனும் ஒன்றாக அந்தப் பக்கம் பார்த்தோம். அவர் காலை இறக்கி வைத்தார். மெதுவாக எழுந்து, மேடையைப் பார்த்துச் சொன்னார்.

"அவனுக்கு மட்டுமில்ல ஆண்டவரே. எனக்க ரெண்டு வள்ளத்துலயும் ஒண்ணும் இல்ல."

அதன்பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்று ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். ஊரே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் ராசி போயிற்று என்று பயந்து, அடுத்தவன் ராசியைப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறான். பெண்கள் பக்கத்திலிருந்து, "அப்ப தெனமும் கறிக்கு உண்டுன்னு சொன்ன மீன் எங்க போச்சு ஓய்?" என்று ஒரு குரல் கிளம்பியது. அடுத்த நிமிடம் பத்துப் பதினைந்து குடும்பங்களில் விசாரணை தொடங்கிவிட்டது. இத்தனை பேர் சேர்ந்து உண்மை பேசித் தான் கேட்டதே இல்லை என்று பங்குத்தந்தை பின்னால் சொன்னார். அன்று அவர்தான் மைக்கைப் பிடித்து, கொஞ்சம் அமைதி காத்தால் அற்புதத்தைப் பார்க்கலாம் என்று கெஞ்சினார்.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியது. பிரபின் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "வலப்பக்கம் வலையை வீசு, கிடைக்கும்" என்றான்.

மரியஜான் எழுந்தான். வலையைக் கையில் எடுத்தவன் வீசவில்லை. மருமகன் என்பதெல்லாம் மறந்துபோய், அவன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தான்.

"இத நீரு கொஞ்சம் முன்னயே சொல்லியிருக்கப்பிடாதா?"

இதற்கு லிபின் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. கூட்டம் ஆண்டவரைப் பார்த்தது. அவர்களுக்கும் அதே கேள்விதான். பிரபினின் நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது.

"மன்னிச்சிரும் மாமா," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மரியஜான் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டு, வலப்பக்கம் வலையை வீசினான். நான் குனிந்து பெட்டியைக் கவிழ்த்தேன். பதற்றத்தில் மீனோடு பெட்டியும் ஐஸும் சேர்ந்து வலைக்குள் போய்விட்டன. அவன் இழுத்தான், வரவில்லை. நானும் பிடித்தேன். கத்திரிக்கோல் பிடிக்கிற கை, என்ன ஆகும்? நழுவிவிட்டது. வலை பலகை ஆணியில் வேறு மாட்டிக்கொண்டது. ராயப்பர் மறுபடி தனியாக நின்றுகொண்டிருந்தார்.

அப்போது சுபின் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையில் ஏறினான். பின்னாலேயே அவன் தம்பி. அங்கி இல்லை, வேடம் இல்லை, வசனம் இல்லை. இரண்டு பேரும் வள்ளத்தில் தாங்கள் தினமும் நிற்கிற இடத்தில், ஆளுக்கொரு பக்கமாகப் போய் நின்றார்கள்.

"இழும் அண்ணே," என்றான் சுபின். "நாங்க எங்க போவப் போறோம்."

மூன்று பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் இழுத்தார்கள். சந்தை மீன் மேடை முழுக்கச் சிதறியது. மரியஜான் வலையின் நுனியைப் பிடித்தபடியே நின்று அழுதான். நடிப்பில்லை, மூக்கு ஒழுக அழுதான். லிபின் திரையைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். திரை இழுக்கிறவன் கீழே நின்று பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அதனால் மரியஜான் அழுது முடிக்கும்வரை ஊரே எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது.